வகுப்பறையில் ஓர் அட்டைத் தறி

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 1905-ஆம் ஆண்டு இதே நாளில் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியதை நினைவுகூர்ந்து 2015 முதல் கொண்டாடி வருகிறோம். நான் பவானிக்கு அருகில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியை. எங்கள் ஊரில் நான்கு வீதி நடந்தால் இரண்டிலாவது தறிச் சத்தம் கேட்கும். அதனால் சில ஆண்டுகளுக்கு முன் இந்த நாளில் ஒரு கண்காட்சி வைத்தோம். பூவேலை செய்த கைக்குட்டை, உல்லன் தோரணம், சணல் பை என்று மேசை நிறைந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

மறுநாள் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம், "இந்தத் தையலை எப்படிப் போட்டாய்? எனக்கும் சொல்லிக் கொடு" என்றேன். "அது எங்க அக்கா போட்டதுங்க டீச்சர்" என்றாள். விசாரித்தால் பாதிக்கு மேல் அக்காவோ அம்மாவோ பக்கத்து வீட்டு அத்தையோ செய்தவை. ஒன்று மட்டும் பேன்சி ஸ்டோரில் வாங்கியது. அதற்குத்தான் முதல் பரிசு கொடுத்திருந்தோம்.

அடுத்த ஆண்டு ஒரு முடிவு எடுத்தேன். எதுவானாலும் வகுப்பறைக்குள், பள்ளி நேரத்தில், பிள்ளைகள் கையாலேயே நடக்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. ஏழாம் வகுப்பில் அப்போது 29 பேர். கலைக்கல்விப் பாடவேளை ஒன்றும் கணிதப் பாடவேளை ஒன்றும் என வாரத்துக்கு இரண்டு ஒதுக்கினேன். அப்படித் தொடங்கியதுதான் அட்டைத் தறி.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த அட்டைப் பெட்டியை 20 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளத்தில் வெட்டிக்கொள்ளலாம். அட்டையின் உள்ளே வரிவரியாக ஓடும் மடிப்புகள் நீளவாக்கில் இருக்கும்படி வெட்ட வேண்டும். முதல் முறை இதைக் கவனிக்காமல் வெட்டினேன். நூலை இழுத்துக் கட்டியதும் அட்டைகள் அப்பளம் போல வளைந்துவிட்டன. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் 1 செ.மீ. இடைவெளியில் 15 வெட்டுகள். பாவு நூலின் நுனியைப் பின்பக்கம் செல்லோடேப்பால் ஒட்டி, மேலே முதல் வெட்டில் நுழைத்து, கீழே இறக்கி, அடுத்த வெட்டைச் சுற்றி மேலேற்றி, இப்படியே கடைசி வரை போக வேண்டும். பாவுக்குப் பருத்தி நூலே நல்லது. உல்லனைப் பாவாகக் கட்டினால் இழுபட்டுத் தொய்ந்துவிடும். ஊடைக்கு எது வேண்டுமானாலும் இருக்கலாம். சிறு பிள்ளைகளுக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியை விரல் அகலக் கீற்றாகக் கிழித்துக் கொடுத்தேன். தடிமனாக இருப்பதால் பத்து நிமிடத்திலேயே துணி போல ஒன்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஐஸ்குச்சியில் ஒரு துளை போட்டால் அதுவே ஊசி. ஊடையைத் தட்டி நெருக்க ஒரு பழைய சீப்பு போதும்.

எல்லோருக்கும் வரும் ஒரு சிக்கலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கு விரற்கடை நெய்வதற்குள் துணி நடுவில் உடுக்கை போலச் சுருங்கும். பிள்ளைகள் ஊடையை இறுக்கி இழுப்பதுதான் காரணம். ஊடையை நேர்கோடாக வைக்காமல் வில் போல வளைத்துப் போட்டு, பிறகு சீப்பால் தட்டச் சொல்லுங்கள். கரை நேராக நிற்கும்.

பதினாறும் பதினேழும்

இது கணிதப் பாடவேளையில் நடந்தது. நடுவில் துளையிட்ட வட்ட அட்டைகளை எல்லோருக்கும் கொடுத்தேன். பாதிப் பேருடைய அட்டையில் விளிம்பைச் சுற்றி 16 வெட்டுகள், மீதிப் பேருக்கு 17. ஏன் இந்த வேறுபாடு என்று சொல்லவில்லை. நடுத்துளை வழியாக ஒவ்வொரு வெட்டுக்கும் நூல் போட்டால் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் போலப் பாவு நிற்கும். நடுவிலிருந்து ஒன்று விட்டு ஒன்று மேல், கீழ் என்று சுற்றிச் சுற்றி நெய்ய வேண்டும்.

17 வெட்டு உள்ளவர்கள் நெய்துகொண்டே போனார்கள். 16 வெட்டு உள்ளவர்கள் இரண்டாவது சுற்றிலேயே கத்த ஆரம்பித்தார்கள். "டீச்சர், மறுபடியும் அதே நூலுக்கு மேலயே வருதுங்க!" "நிக்கவே மாட்டேங்குது, நழுவுது!" இரட்டைப்படையில் ஒரு சுற்று முடிந்தால் தொடங்கிய இடத்திலேயே திரும்பவும் மேல் வரும். முதல் சுற்றில் எந்தப் பாவு மேலே நின்றதோ அதுவே மறுபடியும் மேலே நிற்கும். ஊடை எதையும் பூட்டாது. ஒற்றைப்படையில் ஒவ்வொரு சுற்றும் தானாகவே மாறிவிடும்.

இதைக் கரும்பலகையில் எழுதி விளக்கத்தான் சுண்ணக்கட்டியை எடுத்தேன். அதற்குள் பின்வரிசை மாணவி ஒருத்தி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரே ஒரு முறை இரண்டு பாவுகளைச் சேர்த்துத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய 16 வெட்டு அட்டை ஒழுங்காக நெய்யப்பட்டது. நடுவிலிருந்து சுருளாக ஒரு கோடும் விழுந்தது. இன்னொருவன் பக்கத்துப் பக்கத்து இரண்டு பாவுகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு 15 ஆக்கிவிட்டான். இரண்டுமே சரியான விடைகள். இரண்டையும் நான் சொல்லித் தரவில்லை.

எட்டாம் வகுப்புக்கு இதையே நீட்டலாம். இரண்டு மேல், இரண்டு கீழ் என்று நெய்யச் சொல்லுங்கள். இப்போது 4-ஆல் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். 16, 20 வெட்டுகளில் மீதி 0, வேலை நிற்கும். 17-இல் மீதி 1. சாய்ந்த கோடு விழும். 19-இல் மீதி 3. கோடு எதிர்ப்பக்கம் சாயும். ஏன் எதிர்ப்பக்கம் என்பதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஒரு தந்தை வந்தார்

அந்த வகுப்பில் ஒரு மாணவன். கணிதத்தில் வாயே திறக்க மாட்டான். அவனுடைய அப்பா ஜமக்காளம் நெய்பவர். அட்டைத் தறிக்குப் பாவு போட மற்றவர்கள் அரை மணி நேரம் திண்டாடும்போது இவன் மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டான். இழுவை எல்லாம் ஒரே சீர். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "நீதான் இன்றைக்கு ஆசிரியர்" என்று சொல்லி, மற்றவர்களின் அட்டைகளை அவன் முன்னால் அடுக்கினேன். அடுத்த இரண்டு வாரங்களும் அப்படித்தான் போயின. அவனிடம் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடிகிறது; எனக்கும் வசதி. பின்தங்கிய மாணவனுக்கு வகுப்பில் ஒரு மதிப்பு கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை மதியம் அவனுடைய அப்பா வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"டீச்சருங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. நானும் எங்க ஐயனும் குழிக்குள்ள காலை விட்டு உக்காந்தது போதுமுங்க. தறிக்கிட்ட வராதடா, போய்ப் படிடான்னு வெரட்டி உடறேன். இங்க வந்தா பாவு ஓட்டறேங்கறான்."

நான் அவசரமாகப் பதில் சொன்னேன். கைவேலை ஒன்றைக் கற்றுக்கொள்வதில் என்ன தவறு, எல்லாப் பிள்ளைகளும்தானே செய்கிறார்கள் என்று.

"கத்துக்கறது தப்பில்லீங்க. எல்லாரும் செய்யட்டும். எம்பையன் மட்டும் எதுக்குங்க இருவத்தெட்டுப் பேருக்கும் பாவு ஓட்டோணும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் குரலை உயர்த்தவில்லை. "வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பி.எட். படிக்கும்போது ஆதாரக் கல்வியை ஐந்து மதிப்பெண் வினாவாகப் படித்தவள் நான். 1937-இல் வார்தா கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்தது. கைத்தொழில் ஒன்றை நடுவில் வைத்து, அதன் வழியே மற்ற பாடங்களைக் கற்பிப்பது. நூற்பும் நெசவும் அதில் முக்கியமானவை. அடுத்த பக்கத்திலேயே 1953-ஆம் ஆண்டுத் திட்டமும் இருந்தது. அன்றைய சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்தது. பிள்ளைகள் ஒரு வேளை பள்ளிக்கு வர வேண்டும், மறுவேளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. இரண்டையும் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஆனால் என் வகுப்பில் நெசவாளர் வீட்டுப் பையன் மட்டும் எல்லோருக்கும் பாவு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் நினைவுக்கு வரவில்லை.

நெசவைப் பள்ளியில் கற்பிப்பதை நிறுத்திவிடலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். "நிறுத்தினால் நெசவு மட்டமான வேலை என்று நாமே சொன்னது போல ஆகிவிடும். யார் செய்கிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள் என்பதை மாற்றுங்கள்" என்றார். அன்றிலிருந்து இரண்டு விதிகள். அவரவர் தறிக்கு அவரவரே பாவு போட வேண்டும், எவ்வளவு நேரமானாலும் சரி. வீட்டுத் தறியில் ஏற்கெனவே தெரிந்ததை ஒரு பிள்ளை இங்கே திரும்பச் செய்வதோடு பாடம் நின்றுவிடக் கூடாது.

கட்டத்தாளில் நெசவு

அந்த மாணவனுக்கும் மற்றவர்களுக்கும் கட்டத்தாள் கொடுத்தேன். ஒரு கட்டம் என்பது ஒரு பாவும் ஓர் ஊடையும் சந்திக்கும் இடம். பாவு மேலே இருந்தால் கறுப்பு, ஊடை மேலே இருந்தால் வெள்ளை. சாதா நெசவு சதுரங்கப் பலகை போல வரும். ஜீன்ஸ் துணியை உற்றுப் பார்த்து வரைந்தால் கறுப்புக் கட்டங்கள் படிப்படியாகச் சாய்ந்து ஏறும். கையால் கண்ணை மூடிக்கொண்டு நெய்யக்கூடிய அந்தப் பையன் கட்டத்தாளில் திணறினான். மூன்று முறை அழித்தான். கைக்குத் தெரிந்ததைக் குறியீடாக மாற்றுவது அவனுக்கும் புதிது. இந்த இடத்தில் 29 பேரும் ஒரே கோட்டில் நின்றார்கள்.

கறுப்பை 1 என்றும் வெள்ளையை 0 என்றும் எழுதச் சொன்னேன். பட்டுத்தறியில் இருக்கும் ஜக்கார்டு பெட்டியைச் சிலர் பார்த்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கியது. அட்டையில் துளை உண்டா இல்லையா என்பதை வைத்து எந்தப் பாவு உயர வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. அந்த அட்டைகளைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் பொறிக்கும் துளையட்டைகளைப் பயன்படுத்தத் திட்டமிட்டார். கணினிப் பாடத்துக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு வாசல் எங்கள் ஊரில் இல்லை.

வேறொரு நாள், 1 செ.மீ. இடைவெளித் தறியில் நெய்த துண்டையும், அதே நூல்களை அரை செ.மீ. இடைவெளியில் நெய்த துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதலாவதில் பாவே கண்ணுக்குத் தெரியவில்லை. ஊடையின் நிறம் மட்டும்தான். இரண்டாவதில் இரண்டு நிறமும் புள்ளி புள்ளியாகக் கலந்திருந்தன. ஏன் என்றேன். யாரும் பேசவில்லை. கடைசியில் அவன்தான் சொன்னான்: "ஜமுக்காளத்துல பாவு தெரியக் கூடாதுங்க டீச்சர். பாவை எட்ட விட்டு, ஊடையைத் தடியாப் போட்டு அடிச்சா மூடிக்கும். அதனாலதான் ஜமுக்காளத்துல பட்டை எல்லாம் குறுக்காலயே வருது." ஜமக்காளத்தின் மேல் 45 ஆண்டுகளாக உட்கார்ந்து எழுந்தவள் நான். பட்டைகள் ஏன் குறுக்கே ஓடுகின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நூலின் நம்பரும் நல்ல கணிதம். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை இருக்கின்றனவோ அதுவே பருத்தி நூலின் நம்பர். 20-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு 16,800 கஜம். 40-ஆம் நம்பர் என்றால் 33,600 கஜம். நம்பர் கூடக்கூட நூல் மெலியும். எதிர் விகிதத்துக்கு வேலையாட்களும் நாட்களும் என்று எத்தனை காலம்தான் ஒரே கணக்கைப் போடுவது! 33,600 கஜம் என்பது 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு பவுண்டு நூலைப் பிடித்துக்கொண்டு பவானியிலிருந்து ஈரோடு போய் ஏறக்குறையத் திரும்பிவிடலாம் என்றதும் வகுப்பே சிரித்தது.

அறிவியல் ஆசிரியர் இழைகளை எரித்துக் காட்டினார். இதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. இடுக்கியால் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்து, ஆசிரியரே செய்ய வேண்டும். பருத்தி, தாள் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, மயிர் கருகும் வாடை அடிக்கும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகும். நாங்கள் 'உல்லன்' என்று சொல்லி வாங்கிய நூலும் உருகியது, அது அக்ரிலிக். பேன்சி ஸ்டோர் உல்லன் பெரும்பாலும் அதுதான்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு நூலே வேண்டாம். வண்ணத்தாளை மடித்து, மடிப்பிலிருந்து வெட்டி, விளிம்பில் இரண்டு விரல் அகலம் விட்டுவிட்டால் அதுவே பாவு. வேறு நிறக் கீற்றுகள் ஊடை. மேல், கீழ் என்று வாய்விட்டுச் சொல்லியபடியே நுழைக்கட்டும். மதிப்பிடும்போது அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள். "எந்த வரிசையில் தவறினாய், எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். பிரித்துத் திரும்பப் போட்ட பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருக்கும். (எங்கள் பையன்களுக்குத் தறி என்றால் கூச்சமில்லை, ஊசி என்றால் மட்டும் "அது பொம்பளப் பிள்ளைங்க வேலை" என்றார்கள். ஒரு வாரம் சட்டைப் பொத்தான் தைக்க வைத்தேன். ஊருக்குள் தையல்கடைக்காரர் ஆண்தான் என்பதையும் நினைவூட்டினேன்.)

எண்ணிப் பார்த்த நாள்

அந்த ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று கண்காட்சி மேசை இல்லை. பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் செய்யும் கணக்கைப் பார்க்கச் சொன்னோம். அந்த மாணவனின் அப்பாவும் வந்தார். பின்னால் சுவரோரம் நின்றார்.

பள்ளியில் இருக்கும் 6 அடி நீள ஜமக்காளத்தை விரித்தோம். ஓர் அங்குலச் சதுரமாக வெட்டிய சன்னல் உள்ள அட்டையை அதன் மேல் வைத்து, குண்டூசியால் ஊடைகளை எண்ணினார்கள். 17. மொத்தம் 72 அங்குலம். 17 × 72 = 1,224 என்று ஒரு மாணவி கரும்பலகையில் எழுதினாள்.

"டீச்சருங்க" என்று பின்னாலிருந்து குரல். "அங்குலத்துக்கு அங்குலம் ஒரே மாதிரி விழாதுங்க. ஒரு எடத்துல ஒண்ணு கூடும், ஒரு எடத்துல ரெண்டு கொறையும். மூணு எடத்துல எண்ணிப் பாக்கச் சொல்லுங்க."

எண்ணினோம். 17, 14, 15. கூட்டினால் 46. 3-ஆல் வகுத்து 72-ஆல் பெருக்கினால் 1,104. 'சராசரி' என்று தலைப்பு எழுதினேன். அந்தப் பாடத்தை நான் அடுத்த மாதம் எடுப்பதாக இருந்தேன்.

ஒரு ஜமக்காளத்துக்கு 1,104 முறை ஊடை கோக்க வேண்டும், 1,104 முறை மிதிக்க வேண்டும். அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தனை வருசத்துல நான் எண்ணுனதில்லீங்க" என்றார்.

எல்லோரும் கலைந்த பிறகு அந்த மாணவன் என் மேசைக்கு வந்தான். "டீச்சர், ஒரு உருப்படிக்குக் குடுக்கற கூலியை இந்த 1,104-ஆல வகுக்கலாங்களா?"

வகுக்கலாம் என்றேன். கரும்பலகையில் வேண்டாம், நோட்டில் போடு என்றேன். அப்பா தாழ்ந்த குரலில் கூலியைச் சொன்னார். தசமத்தில் பிழை இல்லாமல் வகுத்தான். மூன்று பேரும் அந்த விடையைப் பார்த்தோம். அவர் நோட்டை வாங்கி இன்னொரு முறை பார்த்துவிட்டு, மகனிடமே திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பையன் இப்போது பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். இந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் 31 பேர். பாவு போடுவதற்கு முன்பே அங்குலச் சன்னலை வெட்டிக் கொடுத்துவிட்டேன். சட்டை, துண்டு, சாக்குப்பை என்று கையில் அகப்பட்டதை எல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.